அரிச்சல்முனையிலிருந்து இலங்கைக் கரை தெரியுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சுற்றுலாப் பக்கத்தில், ‘வானம் தெளிவாக இருந்தால், தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனையில் நின்று இலங்கைக் கரையைப் பார்க்கலாம்’ என்று போட்டிருந்தீர்கள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவன் நான். படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. அந்தக் கரையை மறைப்பது மேகமோ மூட்டமோ இல்லை, நடுவில் இருக்கும் கடலேதான்.

மணலில் நிற்பவரின் கண் நீர்மட்டத்துக்கு 2 மீட்டர் மேலே என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு அடிவானம் ஐந்தரை கி.மீ. தொலைவில் முடிந்துவிடும். எதிரே இலங்கையின் மன்னார்த் தீவில் உள்ள தலைமன்னாரோ சுமார் 30 கி.மீ. தள்ளி இருக்கிறது. மீதித் தூரம் முழுக்கக் கடல் வளைந்து இறங்குவதால், அக்கரையில் 40 மீட்டர் உயரத்துக்குள் இருப்பதெல்லாம் கீழே போய்விடும். மன்னார்த் தீவு தட்டையான நிலம், பனைகூட அந்த உயரம் வளராது.

போன மாசி மாதம் பேத்தியை அங்கே கூட்டிப்போனேன். தூரத்தில் ஒரு வள்ளம் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் ஓரமாகக் குந்தி உட்கார்ந்து பைனாகுலரில் பார்த்தவள், “தாத்தா, ஆள் மட்டும் தெரியுது, வள்ளத்தைக் காணோம்” என்றாள். தூக்கிச் சுவர்மேல் நிறுத்தினேன். “இப்ப வள்ளமும் வந்திருச்சு!” வகுப்பில் பந்தையும் பென்சிலையும் வைத்து நான் எத்தனையோ முறை நடத்திய பாடம், அவளுக்கு ஒரே நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

இதில் காற்றுக்கும் பங்கு உண்டு. கீழே அடர்த்தியாகவும் மேலே போகப்போக லேசாகவும் இருப்பதால், வருகிற வெளிச்சத்தைப் பூமியின் வளைவோடு சேர்த்துக் கொஞ்சம் வளைத்துவிடுகிறது. அதனால் காற்றே இல்லாதபோது தெரியக்கூடியதைவிட நூற்றுக்கு எட்டுப் பங்கு கூடுதல் தூரம் தெரியும். மேலே சொன்ன கணக்கில் அதையும் சேர்த்திருக்கிறேன். அரிச்சல்முனையில் சூரியன் முழு வட்டமாகக் கடலைவிட்டு எழுந்துவிட்டது என்று எல்லோரும் போட்டோ எடுக்கிற அந்த நேரத்தில், உண்மையில் சூரியன் இன்னும் அடிவானத்துக்குக் கீழேதான் இருக்கிறது. குளிர்ந்த கடல்மேல் வெப்பக் காற்று படரும் நாட்களில் வெளிச்சம் இன்னும் அதிகமாக வளையும். அப்படி ஒரு நாளில் அக்கரையைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன். ஆனால் அது தினமும் கிடைக்கிற காட்சி இல்லை.

அதே காற்று காட்சியைக் கெடுக்கவும் செய்யும். 2020 ஏப்ரலில், ஊரடங்கு நேரத்தில், பஞ்சாபின் ஜலந்தரில் இருந்தவர்கள் மொட்டை மாடியிலிருந்தே இமயமலையின் தௌலாதார் தொடரைப் பார்த்தார்கள். நூறு கி.மீ.க்கும் அதிகமான தூரம்! அவ்வளவு உயரமான மலையைப் பூமியின் வளைவு மறைக்கவில்லை. அதுவரை மறைத்து வைத்திருந்தது தூசியும் புகையும்தான்.

அப்புறம் இன்னொன்று. ராமேஸ்வரம் தொலைக்காட்சிக் கோபுரத்தின் உயரம் 323 மீட்டர். கணக்குப்படி, தெளிவான நாளில் தலைமன்னார்க் கரையில் நிற்பவருக்கு அதன் மேல்பாதி கடலுக்கு மேலே தெரிய வேண்டும். ஆக, நமக்கு அவர்கள் கரை தெரியாது, அவர்களுக்கு நம் கோபுரம் தெரியும். எழுதுவதாக இருந்தால் இதையல்லவா எழுத வேண்டும்?

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போடுங்கள். பைனாகுலர் வாங்கிக்கொண்டு பிள்ளைகளோடு வருகிறவர்கள் அந்த முனையில் ஏமாந்து நிற்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
ராமநாதபுரம்.