ஊறுகாய்க்கார சாமுக்காகச் சில வார்த்தைகள்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் வந்தது. மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த மாதம் சேருகிறாள்.

சரி, சண்டைக்கு வருகிறேன். ‘கிராஸிங் டிலான்சி’ என்ற அமெரிக்கப் படத்தைப் பற்றி நீ எழுதியதை அப்படியே விட மனசு வரவில்லை. “படித்த பெண்ணைப் பாட்டியும் தரகரும் சேர்ந்து ஒரு ஊறுகாய்க்காரன் தலையில் கட்டிவிட்டார்கள், இதற்கு ஒரு படமா?” என்று கேட்டிருக்கிறாய்.

கதாநாயகி இஸ்ஸியை யார் கட்டாயப்படுத்தினார்கள், சொல். நியூயார்க்கில் தனியாக இருக்கிறாள், புத்தகக் கடையில் வேலை, எழுத்தாளர்களோடு பழக்கம். அதே ஊரில் லோயர் ஈஸ்ட் சைடு என்ற பகுதியில் இருக்கும் யூதப் பாட்டி, தரகரை வைத்து ஊறுகாய்க்கார சாமைக் காட்டுகிறாள். இஸ்ஸி பிடிகொடுக்கவில்லை. அவனைத் தன் தோழிக்கே முடித்துவிடவும் பார்க்கிறாள்! அவள் மனசெல்லாம் ஆன்டன் என்ற ஐரோப்பிய எழுத்தாளர் மேல். அந்த மனிதருக்கோ தன் வேலைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு உதவியாளர்தான் தேவை. அது புரிந்த பிறகு அவள் சாமிடம் போகிறாள். அந்த முடிவு முழுக்க அவளுடையது.

சாமையும் நீ சரியாகப் பார்க்கவில்லை. பகலெல்லாம் பீப்பாய்க்குள் கைவிட்டு வெள்ளரி ஊறுகாய் எடுத்துக் கொடுக்கிறவன், அந்த வாடை போக வனிலாவிலும் பாலிலும் கையை ஊறவைக்கிறான். அவள் பிறந்தநாளுக்கு ஒரு தொப்பி அனுப்புகிறான். அவ்வளவுதான், பெரிய வசனமெல்லாம் கிடையாது. “ஒன்றுமே நடக்கவில்லை” என்று நீ சலித்துக்கொண்ட இடமெல்லாம் எனக்கு இதுதான் நடந்துகொண்டிருந்தது.

தரகராக வரும் சில்வியா மைல்ஸ் கொஞ்சம் தூக்கலாகத்தான் நடித்திருக்கிறார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாட்டியைக் கேலிச்சித்திரம் என்று சொல்லாதே. பாட்டியாக வரும் ரெய்ஸல் போஜிக், யூதர்கள் பேசும் யிட்டிஷ் மொழி நாடக மேடையிலேயே வளர்ந்து பழுத்தவர். அந்தக் குறும்பும் பிடிவாதமும் எழுதிக் கொடுத்து வருவதில்லை. பேத்திமேல் பாசம், அவளைத் தனியாக விட்டுப் போகிறோமே என்ற பயம், இரண்டும் அந்த ஒரே முகத்தில் இருக்கிறது.

இன்னொன்று. இயக்குநர் ஜோன் மிக்லின் சில்வர் 1975-லேயே நியூயார்க் யூதக் குடியேறிகளைப் பற்றி ‘ஹெஸ்டர் ஸ்ட்ரீட்’ என்ற படம் எடுத்தவர். அப்படியும் இந்தக் கதையை “யூத வாடை ரொம்ப அதிகம்” என்கிற மாதிரி சொல்லி ஸ்டூடியோக்கள் தட்டிக் கழித்தன. கதாநாயகி ஏமி இர்விங்கின் அன்றைய கணவர், இயக்குநர் ஸ்பீல்பெர்க் சொல்லித்தான் வார்னர் பிரதர்ஸ் ஸ்டூடியோ கையில் எடுத்தது; 1988-ல் வெளிவந்தது. ஒரு குடும்பத்தின் சாப்பாட்டு மேசையையும் பேச்சையும் உள்ளது உள்ளபடி காட்டுவதற்கே சில்வர் அவ்வளவு போராட வேண்டியிருந்தது. அதை ‘சின்னப் படம்’ என்று தள்ளினால் எனக்குக் கோபம் வராதா?

இன்னொரு முறை பார், அவசரமில்லை. அப்புறம், தை மாதம் நீ வருகிறாயா இல்லையா என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
கமலா