எல்லா மரமும் பைன் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் வெளிவந்த, கனடாவின் பழங்குடிகளான இன்னு மக்களின் குளிர்காலக் கதையை என் பேத்திக்கு இரண்டு முறை வாசித்துக் காட்டினேன். காட்டு மரங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் அக்கதை அவளுக்கு மிகவும் பிடித்துவிட்டது. தேடிப்பிடித்துத் தமிழில் தந்தமைக்கு நன்றி. ஆயினும், மொழிபெயர்ப்பில் எல்லா மரங்களும் ‘பைன்’ என்ற ஒரே பெயருக்குள் அடைக்கப்பட்டிருப்பதும், ஓவியத்தில் பனிக்கட்டி வீடு இடம்பெற்றிருப்பதும் எனக்கு மிகுந்த வருத்தம் தந்தன.

இன்னு மக்கள் வேறு, பனிக்கட்டி வீடு கட்டும் வழக்கம் கொண்டிருந்த இனுயிட் மக்கள் வேறு. கனடாவில் கியூபெக் மாநிலத்தின் கிழக்குப் பகுதியிலும் லாப்ரடாரிலும் பரந்துள்ள காட்டு நிலமே இன்னு மக்களின் தாயகம். அதை அவர்கள் ‘நிதாசினான்’, அதாவது ‘எங்கள் நிலம்’ என்பார்கள். குளிர்காலக் காட்டில் அவர்கள் தங்குவது கூடாரத்தில். அதன் தரையில் மணம் வீசும் ஃபிர் மரக் கிளைகளை நெருக்கமாகப் பரப்பி, அதன்மேல்தான் அமர்வார்கள், உறங்குவார்கள். கூடாரத்தில் கதை கேட்கும் குழந்தை உட்கார்ந்திருப்பதே ஒரு மரத்தின் கிளைமீதுதான் என்னும்போது, அந்த மரத்துக்குப் பெயர் இல்லாமல் போகலாமா?

கதையில் இலையின்றி நிற்கும் மரத்தைப் ‘பட்ட மரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். “அது செத்துப்போச்சா, தாத்தா?” என்று பேத்தி கேட்டாள். ஊசியிலை மரங்களுள் லார்ச் மட்டும் அக்காட்டில் இலையுதிர்காலத்தில் பொன்மஞ்சளாகி ஊசிகளையெல்லாம் உதிர்த்துவிட்டு, வசந்தத்தில் மீண்டும் தளிர்க்கும். அதனருகில் கருப்பு ஸ்ப்ரூஸ் ஆண்டு முழுவதும் பசுமையாகவே நிற்கும். மரங்கள் பேசும் கதையில் இந்த வேறுபாடு மறைந்தால் பேச்சுக்கே பொருளில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழில் மரம் அஃறிணை. இன்னு மொழியின் இலக்கணத்திலோ நிற்கும் மரம் உயிருள்ளவற்றின் வகையைச் சேர்ந்தது, மரக்குச்சி உயிரற்றவற்றின் வகையைச் சேர்ந்தது. மரங்களை ‘அது’ என்று குறிக்காமல் ‘அவர்’ என்றே மொழிபெயர்த்திருந்தால் குழந்தைகள் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

அடுத்த இதழில் லார்ச், ஸ்ப்ரூஸ், ஃபிர், பிர்ச் ஆகிய நான்கையும் உரிய பெயரோடும் சிறு ஓவியங்களோடும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த மரம் சாகவில்லை என்று பேத்திக்குப் படத்தைக் காட்டிச் சொல்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்