பாரீஸ் வீட்டோடு முடியாத கதை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பாரீஸில் வளர்ந்த புதுச்சேரிக் குடும்பத்துப் பெண்ணின் கல்யாணப் பேச்சை வைத்து எழுதப்பட்ட நாவலுக்குச் சென்ற இதழில் வந்த மதிப்புரையைப் படித்தேன். நாவலை முன்பே படித்திருக்கிறேன். பெற்றோர் பழைய வழக்கத்தை விட மறுக்கிறார்கள், மகள் அதிலிருந்து விடுபடத் துடிக்கிறாள் என்று மதிப்புரையாளர் கதையை ஒரே வரியில் முடித்துவிட்டார். இங்கே புதுச்சேரியில் இருந்து படிப்பவர்களுக்கு விஷயம் அவ்வளவு சுலபமாகத் தோன்றாது.

எங்கள் ஊர்க் குடும்பங்கள் இரு நாடுகளாகப் பிரிந்ததில் சட்டத்துக்கும் பங்கு உண்டு. 1881ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசின் ஆணைப்படி தங்கள் சமூக வழக்குச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்தையும் ஒரு குடும்பப் பெயரையும் ஏற்றவர்களில் பலர் அரசு வேலைக்காக, அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனுக்குக் கப்பலேறினார்கள். பின்னர், புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைக்க இந்தியாவுக்கும் பிரான்சுக்கும் இடையே 1956இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்களை இந்தியக் குடிமக்களாக்கியது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றது. இதே ஊரில் பிறந்து அன்றைய தேதியில் சைகோனில் குடியிருந்தவருக்கோ எதுவும் எழுதிக் கொடுக்காமலே பிரெஞ்சுக் குடியுரிமை நீடித்தது. ஒரு வயிற்றுப் பிள்ளைகளில் அண்ணன் பிரெஞ்சுக்காரராகவும் தம்பி இந்தியராகவும் ஆனது இப்படித்தான்.

ஆகவே, நாவலில் வரும் தகப்பனார் வரன் தேடி ஊருக்கு வருவதை வெறும் மண் பாசமாக மதிப்புரையாளர் பார்ப்பதை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. பாசம் பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் முத்தியால்பேட்டையில் இப்படியொரு சம்பந்தம் பேச உட்கார்ந்தால், பெண்ணுக்குப் பிரெஞ்சு நேஷனாலிட்டி உண்டா என்ற கேள்வி ஜாதகத்துக்கு முன்பே வந்து நிற்கும். உண்டென்றால், அவளைக் கட்டும் மாப்பிள்ளைக்குப் பிரான்ஸ் போக வழி பிறக்கும் என்பதால், நகை, சீர் பற்றிய பேச்சு தானாகவே தணிந்துவிடும். அந்தப் பெண்ணின் தலையில் ஏறும் பாரத்தில் பெற்றோரின் பங்கு பாதிதான். மீதி, தாத்தாவின் சொல்தா (பிரெஞ்சு ராணுவச் சிப்பாய்) பென்ஷனில் கட்டிய வீட்டில் அவள் வரவுக்காகக் காத்திருக்கும் உறவினர்களுடையது. விருந்தில் அத்தை அவள் இலையில் இன்னொரு வடையை வைத்துவிட்டு, அதே கையோடு தன் மகனின் பட்டச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையோடு எடுத்து நீட்டும் இடத்தை நாவலாசிரியர் ஒரு கேலிச் சொல்லும் இல்லாமல் எழுதியிருக்கிறார். அத்தையின் மீது நமக்குக் கோபம் வரவில்லை என்பதே அந்தப் பக்கங்களின் பலம். கதைச் சுருக்கத்துக்கு அரைப் பக்கம் ஒதுக்கியவர் இதற்கு ஒரு வரியாவது ஒதுக்கியிருக்கலாம்.

நாவலின் மீது எனக்கும் ஒரு குறை உண்டு. பாட்டியின் சைகோன் வாழ்க்கையைச் சுவரில் தொங்கும் ஒரு புகைப்படத்தோடு ஆசிரியர் முடித்துக்கொண்டார். அங்கிருந்து திரும்பிய குடும்பங்களில் சைகோன் பலகாரம் செய்கிற, வியட்நாமியச் சொற்களை மறக்காத மூதாட்டிகள் இன்றும் இருக்கிறார்கள். புலம்பெயர் இலக்கியம் என்றால் ஈழத்தமிழர் எழுத்தும் அமெரிக்கக் கணினித் துறை வாழ்க்கையும் மட்டுமே என்று பத்திரிகைகள் பழகிவிட்ட நிலையில், அம்மூதாட்டிகளைச் சந்தித்து, அவர்கள் நினைவில் உள்ளதைத் தங்கள் இதழில் தொடராக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.