இங்கிலீஷ் வார்த்தைக்கு அர்த்தம் தெரியுது, வாக்கியம் மட்டும் ஏன் புரியல? பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

இந்த மாசத்துல இருந்து ஏழாவது முதல் பத்தாவது வரைக்கும் உள்ள பிள்ளைகளுக்கு இங்கிலீஷ்ல புதுசா ஒரு வேலை ஆரம்பிக்கிறோம், அதுக்கு வீட்டுல உங்க ஒத்தாசை வேணும், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான். சாயங்காலம் ஏலத்தோட்டத்துல இருந்து ஜீப் வந்து இறங்கி, கைகால் கழுவி உக்காந்த பிறகு நிதானமா படிங்க, படிக்க முடியாதவங்க பிள்ளைய சத்தமா வாசிக்கச் சொல்லிக் கேளுங்க.

விஷயம் இதான். நம்ம பிள்ளைககிட்ட தனி வார்த்தைக்கு அர்த்தம் கேட்டா டக்குனு சொல்றாங்க. கிவ்னா கொடு, அப்னா மேலே, லுக்னா பாரு, ஆஃப்டர்னா பிறகு. ஆனா பரீட்சையில 'ஹி கேவ் அப் ஸ்மோக்கிங்'னு வந்தா 'அவர் புகையை மேலே கொடுத்தார்'னு எழுதுறாங்க, 'ஷி லுக்ஸ் ஆஃப்டர் ஹெர் கிராண்ட்மதர்'னு வந்தா 'அவள் பாட்டிக்குப் பிறகு பார்க்கிறாள்'னு எழுதுறாங்க. முதல் வாக்கியம், அவரு சிகரெட் குடிக்கிறத விட்டுட்டாரு. ரெண்டாவது, அவ பாட்டிய பாத்துக்கிறா. அவ்வளவுதான். பிள்ளை படிக்காம வந்த குறை இல்ல இது, சேத்துப் படிக்க வேண்டியத தனித்தனியா பிச்சுப் படிச்சதால வந்த குறை.

வினைச்சொல்லோட அப், டவுன், அவுட், ஆஃப், அவே மாதிரி ஒரு குட்டி வார்த்தை ஒட்டிக்கிட்டு வேற அர்த்தம் குடுத்தா அதுக்கு ஃப்ரேசல் வெர்ப்னு பேரு. கோ, கம், கெட், டேக், புட், லுக், டர்ன், பிரேக்னு மூணாவது வகுப்புப் பிள்ளைக்கும் தெரிஞ்ச வினைகதான், அதுக கூட இந்தக் குட்டி வார்த்தைக மாறி மாறிச் சேரும்போது நூத்துக்கணக்குல புது அர்த்தம் வருது. ஒரே ஜோடிக்கே நாலஞ்சு அர்த்தமும் இருக்கும். பிளேன் மேல கிளம்புனாலும் டேக் ஆஃப், சட்டையக் கழட்டுனாலும் டேக் ஆஃப், ஒரு கடை திடீர்னு நல்லா ஓட ஆரம்பிச்சாலும் டேக் ஆஃப்தான்.

இங்கிலீஷ்ல இது ஏன் இம்புட்டு இருக்குன்னு ஒரு பையன் கேட்டான், நல்ல கேள்வி. 1066-ல நார்மன்காரங்க பிரான்ஸ் பக்கம் இருந்து வந்து இங்கிலாந்தப் பிடிச்சாங்க, அதுக்கப்புறம் ரொம்ப காலத்துக்கு அரண்மனை, கோர்ட்டு எல்லாம் பிரெஞ்சுதான், அது வழியாவும் லத்தீன் வழியாவும் ஏகப்பட்ட வார்த்தைக உள்ள வந்துச்சு. சாதாரண சனங்க வீட்டுல பேசுன பழைய வார்த்தைகளும் அழியல. அதனால அநேக விஷயத்துக்கு அங்க ரெண்டு சொல்லு இருக்கு. போஸ்ட்போன்னா தள்ளிவைக்கிறது, பேச்சுல அதுவே புட் ஆஃப். எக்ஸ்டிங்விஷ்னா தீய அணைக்கிறது, பேச்சுல புட் அவுட். டாலரேட்னா பொறுத்துக்கிறது, பேச்சுல புட் அப் வித். நம்ம பிள்ளைக முதல் வரிசைய மனப்பாடம் பண்றாங்க, எதிர்ல நிக்கிற ஆளு ரெண்டாவது வரிசையில பேசுறாரு.

குமுளியில ஜீப் ஓட்டுற ஒரு அப்பா என்கிட்ட சொன்னாரு, வெள்ளைக்காரங்க 'ஹேங் ஆன், ஹேங் ஆன்'னா எதையோ பிடிச்சுத் தொங்கச் சொல்றாங்களோன்னு ரொம்ப நாள் நெனச்சேன் சார்னு. கொஞ்சம் இருங்கன்னுதான் அர்த்தம், வண்டி குலுங்குறப்ப சொன்னா கெட்டியாப் பிடிச்சுக்கன்னும் அர்த்தம் ஆகும். 'டிராப் அஸ் ஆஃப்'னா எங்கள இறக்கி விட்டுருங்க. 'வி ஹேவ் ரன் அவுட் ஆஃப் கேஷ்'னா கையில இருந்த காசு தீந்துருச்சு. தேக்கடிக்கு வர்றவங்க தினமும் பேசுற பேச்சு இது, ஹோம்ஸ்டேயில, மசாலாக் கடையில வேலை பாக்குற உங்கள்ல பல பேருக்கு நம்ம பத்தாவது பிள்ளைகள விட இது அதிகமாவே தெரியும்னு நான் உறுதியா நம்புறேன்.

ஏன்னா பாதிய நீங்க ஏற்கெனவே தமிழாவே ஆக்கிட்டீங்க. மலையேறும்போது வண்டி பிரேக் டவுன் ஆயிருச்சுன்னு சொல்றீங்க, ஆஸ்பத்திரிக்கு செக்கப் போறீங்க, பஸ் ஸ்டாண்டுல வந்து பிக்கப் பண்ணிக்கன்னு சொல்றீங்க, ரூம்ல செக் அவுட் எத்தனை மணிக்குன்னு கேக்குறீங்க. பிள்ளைகளுக்கு கிரிக்கெட்டுல ரன் அவுட் தெரியும். அந்தத் தெரிஞ்ச வார்த்தையில இருந்து ஆரம்பிங்கன்னு டீச்சர்ககிட்ட சொல்லிருக்கேன். பிரேக் டவுன் வண்டிக்கு மட்டும் இல்ல, துக்கம் தாங்காம உடைஞ்சு அழுதாலும் பிரேக் டவுன்தான்னு சொன்னா பிள்ளை சட்டுனு பிடிச்சுக்குது.

நம்ம பேச்சும் இதே மாதிரிதான் இருக்கு, அதை நாம கவனிக்கிறதில்ல. 'விட்டுக்குடுத்துப் போப்பா'ன்னு சொல்றோம், அதுல விடு, கொடு, போன்னு மூணு சொல்லு இருக்கு, மூணையும் தனித்தனியாப் பாத்தா சண்டை வேணாம்ங்கிற அர்த்தம் எங்கயும் இல்ல. கை கழுவிட்டான், காலை வாரிட்டான், தலையில மிளகா அரைச்சுட்டான், வயித்துல புளியக் கரைக்குது. இதையெல்லாம் எந்தப் பிள்ளையும் நோட்டுல எழுதி வச்சுப் படிக்கல. சித்தப்பா யாரையோ திட்டும்போது, அம்மாச்சி கதை சொல்லும்போது, சூழ்நிலையோட காதுல விழுந்துச்சு, ஒட்டிக்கிருச்சு. கூடலூர், கம்பம் பக்கத்துப் பிள்ளைக மலைக்கு மேல போனதும் மலையாளத்துக்கு மாறி கடைக்காரர்கிட்ட பேரம் பேசுதுக, அதையும் யாரும் பட்டியல் போட்டுச் சொல்லித் தரல.

அதனாலதான் சொல்றேன், 'முப்பது நாளில் ஆயிரம் ஃப்ரேசல் வெர்ப்'னு விக்கிற கைடு எதையும் தயவுசெஞ்சு வாங்காதீங்க. ஒரு பக்கம் பூராம் டேக் ஆஃப், டேக் ஓவர், டேக் இன், டேக் அவுட்னு வரிசையாப் போட்டிருப்பாங்க. எல்லாம் ஒரே சாயல்ல இருக்கிறதால ஒண்ணு இன்னொண்ண அழிச்சிரும், மறுநாள் எது எதுக்குன்னு பிள்ளை குழம்பி நிக்கும். நாங்க வாரத்துக்கு அஞ்சே அஞ்சுதான் எடுக்கப் போறோம், அதுவும் ஒரு சின்னக் கதைக்குள்ள வச்சு. முதல் வாரக் கதை நம்ம முல்லைப் பெரியாறு. பென்னிகுவிக் அணை கட்டும்போது வெள்ளம் வந்து கட்டுனத அடிச்சிட்டுப் போச்சு, அது வாஷ் அவே. அவரு மனசு விட்டுறல, கிவ் அப் பண்ணல. வேலைய தொடர்ந்து நடத்துனாரு, கேரி ஆன். 1895-ல தண்ணி தொறந்து விட்டாங்க. பள்ளத்தாக்குல வயக்காடு பெருகுனதுக்கு கோ அப்பும், மழை பொய்ச்ச வருசம் தண்ணி தீர்றதுக்கு ரன் அவுட்டும் வரும். ஆக அஞ்சு. இந்தக் கதை தெரியாத பிள்ளை இங்க கிடையாது, அதனால வார்த்தை மட்டும்தான் புதுசு.

இலக்கணத்துல ஒண்ணே ஒண்ண மட்டும் அழுத்திச் சொல்லித் தரப் போறோம், மத்தத பழக்கத்துல வரட்டும்னு விட்டுட்டோம். சில ஜோடிய நடுவுல பிரிக்கலாம், சிலத பிரிக்கக் கூடாது. 'டர்ன் ஆஃப் த லைட்'னும் சொல்லலாம், 'டர்ன் த லைட் ஆஃப்'னும் சொல்லலாம். ஆனா லைட்டுக்குப் பதிலா 'இட்'னு வந்துட்டா 'டர்ன் இட் ஆஃப்' மட்டும்தான் சரி, 'டர்ன் ஆஃப் இட்' தப்பு. லுக் ஆஃப்டர பிரிக்கவே முடியாது, 'லுக் ஆஃப்டர் ஹெர்'தான், 'லுக் ஹெர் ஆஃப்டர்' கிடையாது. வீட்டுல நாம 'லைட்ட ஆஃப் பண்ணு'ங்கிறதால பிள்ளைக 'ஆஃப் த லைட்'னே எழுதுறாங்க, டர்ன் இல்லன்னா சுவிட்ச் முன்னாடி வந்தே ஆகணும்.

வேலைக்கு எழுதிப் போடுற அண்ணன் அக்கா வீட்டுல இருந்தா இதையும் சொல்லுங்க. காலேஜ் முடிச்சத நம்ம நாட்டுல 'பாஸ்டு அவுட்'னு எழுதுறோம். வெளிநாட்டுக் கம்பெனிக்காரங்க அதப் படிச்சா மயங்கி விழுந்துட்டாருன்னு எடுத்துக்குவாங்க, ஏன்னா அங்க பொதுவா அதுக்கு அதான் அர்த்தம். 'கிராஜுவேட்டட்'னு எழுதுனாப் போதும். 'கோப் அப் வித்'னு ஒண்ணு எல்லாரும் சொல்றாங்க, நடுவுல அந்த அப் வரக் கூடாது, 'கோப் வித்'தான்.

அடுத்து இடியம், அதாவது மரபுத்தொடர். இதுல நான் கொஞ்சம் கண்டிப்பு. மழை கொட்டுதுங்கிறதுக்கு 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்'னு கட்டுரைக்குக் கட்டுரை பிள்ளைக எழுதுறாங்க, இன்னிக்கு இங்கிலீஷ்காரங்க பேச்சுல அது ரொம்பக் கம்மி, புரிஞ்சுக்கிட்டாப் போதும், எழுத வேணாம். 'கிக் த பக்கெட்'னா செத்துப் போறது, ஆனா துக்க வீட்டப் பத்தி எழுதும்போது அதப் போட்டா மரியாதையே இருக்காது, அங்க 'பாஸ்டு அவே'தான் வரணும். அர்த்தம் தெரிஞ்சாப் பத்தாது, எந்த இடத்துல சொல்றது, யாருகிட்ட சொல்றதுங்கிறதும் தெரியணும்.

கதை இருக்கிற இடியம் பிள்ளைக மனசுல நல்லா நிக்குது. 'சவர் கிரேப்ஸ்' ஈசாப் நரிக் கதை, சீ சீ இந்தப் பழம் புளிக்கும்னு நம்மகிட்டயே இருக்கு. 'அட் த இலவன்த் ஹவர்'னா கடைசி நேரத்துல. அது பைபிள்ல மத்தேயு 20-ஆம் அதிகாரத்துல இருந்து வந்தது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருத்தரு காலையில இருந்து ஆள் கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு, பொழுது சாயப் போற பதினோராவது மணிக்கும் போயி நின்ன ஆளுகள வேலைக்குக் கூப்பிடுறாரு. அவங்க கணக்கு சூரியன் உதிக்கிறதுல இருந்து பன்னெண்டு மணி, அப்ப பதினொண்ணுன்னா நமக்கு சாயங்காலம் அஞ்சு. பன்னீர் திராட்சைத் தோட்டத்துல கூலிக்குப் போயி வந்த அம்மாமாரு இதப் பிள்ளைக்கு என்னைய விட நல்லா விளக்கிருவீங்க. 'ஒன்ஸ் இன் எ ப்ளூ மூன்'னா அத்தி பூத்தாப்புல. ஒரே மாசத்துல ரெண்டு பௌர்ணமி வந்தா ரெண்டாவத ப்ளூ மூன்னு சொல்றாங்க, ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கத்தான் வரும்.

பத்தாவது பொதுத்தேர்வுல ஒரு மார்க் கேள்வியில ஃப்ரேசல் வெர்ப் இருக்கு. பின்னால எஸ்எஸ்சி மாதிரி மத்திய அரசு வேலைப் பரீட்சை எழுதுனா இடியம் கேள்வியும் வரும். ஆனா ஒரு மார்க்குக்காக மட்டும் இத ஆரம்பிக்கல. படிச்சு முடிச்சு வேலைக்குப் போற இடத்துல எதிராளி பேசுறது புரியாம நம்ம பிள்ளை தலையக் குனிஞ்சு நிக்கக் கூடாது, எனக்கு அந்தக் கவலைதான் பெருசு.

வீட்டுல நீங்க செய்ய வேண்டியது கொஞ்சம்தான், அதுக்கு இங்கிலீஷ் தெரியணும்னு அவசியமே இல்ல. ராத்திரி சாப்பிடும்போது அந்த வாரத்து அஞ்சுல ஒண்ணக் கேளுங்க. 'அர்த்தம் என்ன'ன்னு கேக்காதீங்க, 'இத எப்ப சொல்லுவ, யாருகிட்ட சொல்லுவ'ன்னு கேளுங்க. பிள்ளை நம்ம வீட்டு விஷயத்த வச்சே ஒரு வாக்கியம் சொல்லணும், கேஸ் தீந்துருச்சு, தம்பிய பாத்துக்க, கல்யாணத்தத் தள்ளி வச்சாச்சு, இப்படி எதுவா இருந்தாலும் சரி. தப்பாச் சொன்னா வையாதீங்க, நாங்க திருத்திக்கிறோம். போன் இருக்கிறவங்க ஆக்ஸ்ஃபோர்டு லேர்னர்ஸ் இல்லன்னா கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரிய பிள்ளைக்கு எடுத்துக் குடுங்க, ரெண்டுமே இலவசமாப் பாக்கலாம், ஃப்ரேசல் வெர்புக்கும் இடியத்துக்கும் அதுல உதாரண வாக்கியத்தோட விளக்கம் இருக்கு. வார்த்தை வார்த்தையா தமிழாக்கி மட்டும் பாக்க வேணாம்னு சொல்லிருங்க.

இன்னொண்ணு கேக்கணும். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட இதுக்குன்னே ஒதுக்கிருக்கோம். ஜீப் ஓட்டுறவங்க, ஹோம்ஸ்டேயில, போட் ஜெட்டிப் பக்கம், மசாலாக் கடையில வேலை பாக்குறவங்க யாரா இருந்தாலும் ஒரு வெள்ளிக்கிழமை வந்து, டூரிஸ்ட்டுக எப்படிப் பேசுறாங்க, நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்கன்னு பிள்ளைககிட்ட சொல்லணும். அரை மணி நேரம் போதும். சீசன் நேரத்துல லீவு போட்டு வர வேணாம், சும்மா இருக்கிற வாரமாப் பாத்து வாங்க, கிளாஸ் டீச்சர்கிட்ட முன்கூட்டியே சொல்லிருங்க, அந்த வாரத்து அஞ்சு வார்த்தைய நீங்க சொல்றதுல இருந்தே எடுத்துக்குவோம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்