நான்கு சக்கரமும் இழுத்தால் போதுமா?

ஆசிரியருக்கு,

'நான்கு சக்கரத்துக்கும் இழுவை தரும் ஆல் வீல் டிரைவ் என்றால் பழைய எஸ்யூவியைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்' என்று உங்கள் வாகனப் பகுதியில் படித்தேன். வண்டிக்கு அடியில் படுத்தே காலம் ஓட்டும் மெக்கானிக் நான். கண்ணைத் திறந்துகொண்டே வாங்குங்கள் என்பேன்.

இந்த வகை எஸ்யூவிகளில் பல, சாதாரண நேரத்தில் பெரும்பாலும் முன்சக்கரத்தில்தான் ஓடுகின்றன. அது வழுக்கினால் பின்னால் இருக்கும் கிளட்ச் பிடித்து, பின்சக்கரத்துக்கும் இழுவை போகும். சேற்றிலிருந்து வண்டியைக் கிளப்ப அது பெரிய உதவி. பிரேக் போடும்போது ஒரு உதவியும் இல்லை. அங்கே டயர்தான் பேசும்.

முதலில் குனிந்து அந்த டயர்களைப் பாருங்கள். இரண்டு புதிது, இரண்டு மொட்டை என்றால் சுற்றளவு மாறி, கிளட்ச் ஓயாமல் உரசிச் சூடாகும். அப்புறம், ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். வண்டி திக்கித் திக்கிப் போனால் சந்தேகப்படுங்கள். பின்பக்க டிஃபரன்ஷியலில், அதாவது இரண்டு பின்சக்கரத்துக்கும் இழுவையைப் பிரித்துக்கொடுக்கும் பல்சக்கரப் பெட்டியில், ஆயில் எப்போது மாற்றியது என்று கேளுங்கள். விற்பவர் பெரும்பாலும் முழிப்பார்.

தார் ரோட்டிலேயே ஓட்டப்போகிறவருக்கு முன்சக்கரம் மட்டும் இழுக்கும் வண்டி போதும். எடை குறைவு, எரிபொருள் மிச்சம், கெட்டுப்போகிற உறுப்புகளும் குறைவு. மிச்சப் பணத்தில் நல்ல டயர் நான்கு போட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு மெக்கானிக்