இராவணனாக ஆடிய அண்ணனுக்கும் கைகொடுத்த அனைவருக்கும்

அன்புடையீர்,

அப்பா வைத்தியசாலையிலிருந்து வீடு திரும்பிவிட்ட செய்தி உங்களில் பலருக்கு எட்டியிருக்கும். நடந்தது ஊரறிந்தது, அதை மீண்டும் விரிக்க எனக்கு மனம் வரவில்லை. கூத்தைப் பழக்கி நடத்தும் அண்ணாவியாரான அப்பா இல்லாத அரங்கேற்றம் எதற்கு என்று பலரும் தயங்கிய வேளையில், அப்பாவின் விருப்பத்தை மதித்து விடியும்வரை கூத்தை ஆடி முடித்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. எனினும் இம்மடலின் பெரும்பகுதி இராவணனாக ஆடிய அண்ணனுக்கே உரியது.

1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் மேடையேற்றிய, ஈழத்துக் கூத்து மரபுகளுள் ஒன்றான வடமோடியில் அமைந்த ‘இராவணேசன்’ கூத்தில், அன்று மாணவராக இருந்த சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். இராவணனை ஆணவக்காரனாக மட்டுமன்றி, தன் மனத்தோடு போராடும் அரசனாகவும் பார்க்க நம்மைப் பழக்கியது அந்த ஆற்றுகைதான் என்று அப்பா சொல்வார். அண்ணனின் ஆட்டமும் அந்த வழியிலேயே அமைந்தது. அரசன் சபைக்கு வரும் கொலுவரவில், ஆடுகளமான களரி அதிரச் சுழன்று ஆடியவர், முதல்நாள் போரில் தோற்று வெறுங்கையோடு இலங்கை புகும் இடத்தில், மத்தளமும் சல்லரியும் தணிந்து ஒலிக்க, களரியின் ஓரமாகவே நடந்தார். சானகி நகுவாளே என்று அவன் நாணியதாகக் கம்பர் பாடிய அந்த நாணம், நிமிர முயன்று முயன்று தாழ்ந்த அவர் கழுத்திலேயே தெரிந்தது. இந்திரசித்தின் உடலைக் கண்டதும் புலம்பலைப் பாதியில் நிறுத்தி வாளை உருவினார். சீதையை வெட்டப் போகிறானா, தன்னையே மாய்த்துக்கொள்ளப் போகிறானா என்று ஒரு கணம் எனக்கு விளங்கவில்லை. இராவணன் செய்த பிழையைச் சிறிதும் மறைக்காமலே அவனுக்காக எங்களை அழவைத்தார்.

வாழி பாடி முடிந்ததும் எல்லோரும் நித்திரைக்குப் போனார்கள். அண்ணன் மட்டும், ஒப்பனை முழுதாகக் கலையாத முகத்தோடு வைத்தியசாலைக்கு வந்தார். அப்பாவின் கட்டிலோரம் அமர்ந்து, அயலில் இருந்தவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத குரலில், இலங்கை புகும் பாட்டைப் பாடினார். அப்பாவின் விரல்கள் விரிப்பின் மேல் தாளம் தட்டத் தொடங்கி, இரண்டாம் அடியில் நின்றன.

“பிந்திட்டனோ, அண்ணாவியார்?”

அப்பா தலையசைத்தார். அண்ணன் அந்த அடியைத் திரும்பப் பாடினார்; அப்பாவின் விரல் ஒப்புக்கொள்ளும்வரை பாடினார். ஊரே மெச்சிய ஆட்டத்தை ஆடிவிட்டு வந்தவர், தன் பிழையைத் திருத்தித் தரும்படி கேட்டு அப்பாவின் முன் அமர்ந்திருந்தார். நலம் விசாரிக்க வந்தவர்களின் இரக்கத்தையே கண்டு சோர்ந்திருந்த அப்பா, அன்று மறுபடியும் அண்ணாவியாராக இருந்தார். அவர் எழுந்து நடக்கத் தொடங்கியதற்கு மருந்து எவ்வளவு காரணமோ, அந்தக் காலைவேளையும் அவ்வளவு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

மத்தளத்தைப் பொறுப்பேற்ற அப்பாவின் மாணவர், பிற்பாட்டுப் பாடியவர்கள், இரத்தம் தந்த இளைஞர்கள், இரவிரவாக விழித்திருந்த தாதியர், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலார் ஆகிய அனைவரையும் கைகூப்பி வணங்குகிறோம்.

அப்பாவின் கையெழுத்தில் உள்ள கூத்துக் கொப்பியின் தாள்கள் பழுதடைந்துவிட்டன. அவர் சொல்லச் சொல்ல, தாளக்கட்டுகளோடு அதைப் புதிதாகப் படியெடுத்து வருகிறேன். அடுத்த கூத்தில் ஆடுவோருக்கு அவரவர் பாட்டுப்பகுதியை வழங்கிச் சட்டம் கொடுக்கும் நாளுக்கு முன், முதற்படியை அண்ணனின் வீட்டிற்கே கொண்டுவந்து தருவேன்.

இப்படிக்கு,
அண்ணாவியாரின் மகள்