16 பக்கம் இல்லாம வந்த சிறுகதைப் புத்தகம்: மாத்தித் தரவும்

வணக்கம்,

உங்களிட்ட ஓடர் பண்ணி, கூரியர்ல திருகோணமலை உவர்மலைக்கு வந்த சிறுகதைத் தொகுப்பைப் பத்தித்தான் எழுதுறன். பக்கம் குறையுது எண்டு போன்ல சொன்னதுக்கு அங்க நிண்ட தம்பி "அக்கா அது எக்ஸ்பெரிமென்டல் புக், அப்பிடித்தான் இருக்கும்" எண்டு சொல்லிட்டு வச்சிட்டார். அப்பிடி இல்லை.

பக்கம் 65ல இருந்து 80 வரை ரெண்டு தரம் இருக்கு, 81ல இருந்து 96 வரை இல்லவே இல்லை. சரியா 16 பக்கம், அதாவது ஒரு பாரம் (ஒரே தாளில அச்சடிச்சு மடிக்கிற பக்கக் கட்டு). பைண்டிங்குக்கு அடுக்கேக்க ஐஞ்சாம் பாரத்தை ரெண்டு தரம் வச்சு ஆறாம் பாரத்தை விட்டிருக்கினம், அச்சுவேலை தெரிஞ்ச ஆரைக் கேட்டாலும் சொல்லுவினம்.

எழுத்தாளர் வேணுமெண்டு செய்த விளையாட்டு எது எண்டு எனக்கு விளங்குது. ஒரு கதை முழுக்க கரண்ட் பில் மாதிரி இருக்கு, யூனிட் குறையக் குறைய அந்த வீட்டில ஒவ்வொராளா இல்லாமப் போகினம், வாசிச்சிட்டு கனநேரம் அப்பிடியே இருந்தன். இன்னொண்டில ஒரு வெறும் பக்கம், ஆனா பக்க நம்பர் போட்டிருக்கு, அதால அது அச்சுப் பிழை இல்லை. எனக்கு மனசு ஆறாதது அடிக்குறிப்புக் கதைதான். கதையே இல்லை, அடிக்குறிப்பு மட்டும்தான், 11ம் குறிப்பில "அவள் ஏன் படகில ஏறவில்லை என்பதற்கு 19ஐப் பார்க்க" எண்டு இருக்கு, நான் பக்கத்தைத் திருப்பினா திரும்பவும் 65, அந்த 19 காணாமப்போன பாரத்துக்குள்ள. சாதாரண கதையெண்டா நாலு பக்கம் போனாலும் ஊகிச்சு வாசிக்கலாம், இப்பிடிக் கதைக்கு ஒரு குறிப்பு போனாலே எல்லாம் போச்சு.

1969ல பி. எஸ். ஜோன்சன் எண்ட இங்கிலாந்து எழுத்தாளர் ஒரு நாவலைக் கட்டாம 27 பகுதியா பெட்டிக்குள்ள போட்டு விட்டவர், விரும்பின ஒழுங்கில வாசிக்கலாம். அவரே முதல் பகுதி எது, கடைசிப் பகுதி எது எண்டு குறிச்சுத்தான் விட்டவர். அந்தப் பெட்டியில 26 வந்திருந்தா அதுக்குப் பேர் பரிசோதனை இல்லை, குறைச் சாமான்.

முழுப் பிரதி ஒண்டு அனுப்புங்கோ, இதைத் திருப்பி எடுக்கிற கூரியர் காசும் உங்கட பொறுப்பு. அது வரும்வரைக்கும் அந்த 16 பக்கத்தையும் போட்டோ எடுத்து வட்ஸ்அப்பில போட்டாலும் பரவாயில்லை. ஸ்டொக்கில இருக்கிற மற்றப் பிரதிகளையும் விரிச்சுப் பாருங்கோ, வாங்கின ஆக்கள் இதையும் விளையாட்டெண்டு நம்பி அந்த எழுத்தாளரைப் பேசிக்கொண்டு இருப்பினம், அது பெரிய அநியாயம். பதில் வராட்டி 1977 எண்ட நம்பருக்கு போன் எடுத்து நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையில முறைப்பாடு குடுப்பன்.

இப்படிக்கு,
உங்கட வாடிக்கையாளர்,
உவர்மலை, திருகோணமலை